பொய்ப்பழம்

சுங்கை கெரிங் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில்ரோடு போட சப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஆம்பிளைகள் இருபத்தேழு பேர். சண்டை முடிந்து, வெள்ளைக்காரத் துரை மறுபடியும் வந்து பங்களாவில் உட்கார்ந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி பழையபடி விடியலில் அடிக்கத் தொடங்கிய பிறகு அந்த இருபத்தேழு பேரில் நடந்து வந்து சேர்ந்தது ஒரே ஒருத்தன், அவனும் தனியாக வரவில்லை, கூடவே ஒரு சயாம்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்த பார்வைக்கு ஈர விறகும் பற்றிக்கொண்டிருக்கும்.

வந்தவன் சன்னாசி. அதுதான் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். போனவர்களில் பத்தொன்பது பேருக்குப் பெண்டாட்டி இருந்தாள், மற்றவனுக்குத் தாயாவது தங்கச்சியாவது இருந்தாள், இந்தச் சன்னாசிக்குக் கஞ்சி ஊற்ற ஒரு நாதி கிடையாது, அவன் வராமலே போயிருந்தால் அழுவதற்கு ஆளில்லை. அவன் வந்து நிற்கிறான், வலது காலை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒல்லியாக ஒருத்தியை நிற்க வைத்துக்கொண்டு. “வர வேண்டியவனெல்லாம் எங்கடா? ஒனக்கு மட்டும் எவன்டா வழி காட்டுனான்?” என்று ஆராயி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தெரியாது என்றான். காளிமுத்து எங்கே என்றால் தெரியாது, மருதை எங்கே என்றால் தெரியாது, ரயிலாவது ஓடிச்சா என்று கேட்டால் எழுந்து ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குள் போய்விடுவான். உதைத்தும் பார்த்தார்கள். உதை வாங்கிக்கொண்டு தெரியாது என்றான்.

செத்தான் என்று சொல்ல ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அந்தப் பத்தொன்பது பெண்களும் தாலியைக் கழற்ற முடியாமல், அதைக் கட்டிக்கொண்டு நடமாடவும் முடியாமல் கிடந்தார்கள். தலையில் பூ வைத்தால் ஒருத்தி பேசுவாள், வைக்காவிட்டால் இன்னொருத்தி பேசுவாள். விசேஷ வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டலாமா வேண்டாமா என்று நீட்டுகிறவள் கை பாதியில் நிற்கும், அப்படி நின்ற கையைப் பார்த்துவிட்டு வந்தவள் சாப்பிடாமலே எழுந்து போவாள்.

அவர்களில் ஒருத்திதான் பவுனம்மா, மருதையின் பெண்டாட்டி. மருதையைப் பற்றித் தோட்டமே சொல்லிச் சிரிக்கும் ஒரு சங்கதி உண்டு, அவன் ஒரு வாய்ச் சோற்றை நூறு தரம் மெல்லுவான். மற்றவர்கள் தின்று கை கழுவி வெற்றிலையும் போட்டுத் துப்பியாகிவிடும், அவன் தட்டில் பாதி மிச்சம் இருக்கும். மெல்லுவதோடு விட்டானா? ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கேள்வி வேறு. “இதுல என்னா போட்ட? முந்திப் போட்டியா, பிந்திப் போட்டியா? மூடி வச்சியா, தொறந்து வச்சியா?” பவுனம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “பெரட்டுக்கு மணியடிச்சிட்டான்யா, முழுங்கித் தொலையேன்!” என்பாள். லாரி வந்த அன்றும் அதையேதான் சொன்னாள், அவனும் அன்றைக்கு மட்டும் அவள் பேச்சைக் கேட்டு முழுங்கிவிட்டு எழுந்து போனான். அதை நினைத்து நினைத்து அவள் அழாத நாளில்லை.

தாலி இருக்கும்வரை அவளுக்கு ஒரு வேலி இருந்தது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அங்கமுத்துவுக்கு அவள்மேல் ஒரு கண். லயத்தில் யாருக்கு எந்த வீடு என்று சொல்கிறவன் அவன்தான், புருசன் இல்லாதவளுக்குத் தனி வீடு கிடையாது என்று சட்டம் வைத்தவனும் அவன்தான். மத்தியானத்தில் வந்து வாசற்படியில் காலை வைத்து, “செத்த சேதி மட்டும் வரட்டும் பவுனு, ஒன்னைத் தெருவுல விட்டுருவனா?” என்பான். ஏற்கெனவே அவன் வீட்டில் ஒருத்தி முதுகில் தழும்போடு சமைத்துக்கொண்டிருந்தாள். பவுனம்மா தாலியை எடுத்து முன்னால் தெரியப் போட்டுக்கொண்டு, “எம் புருசன் வருவாரு” என்பாள். சேதி வரக்கூடாது, அவ்வளவுதான் அவள் மாரியாயியிடம் கேட்டது. நல்ல சேதியே வராவிட்டாலும் போகிறது, சேதியே வராமல் இருக்கட்டும்.

சேதி அந்தச் சயாம்காரி கையால் வந்தது. அவள் பெயர் பிக்குன், அவள் ஊரில் மகிழம்பூவுக்கு அதுதான் பெயராம், யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. குழாயடியில் எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவள் குடத்தை வைக்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கோயிலில் வைத்தபோது அவளும் ஒரு மூங்கில் தட்டைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தாள். தட்டு நிறையப் பழம். கட்டைவிரல் அளவு மாங்காய், கொய்யா, மங்குஸ்தான், ரம்புத்தான், மிளகாய்கூட ஒன்று, எல்லாம் எண்ணெய் தடவியது போல மினுங்கியது, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வேப்பங்கொழுந்து செருகியிருந்தது. உள்ளே கொட்டையும் கிடையாது, சாறும் கிடையாது, வெறும் பாசிப்பருப்பு. இதன் பேர் ‘முக்கியெடுத்த பிள்ளை’ என்று அவள் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தாள். “பொய்ப்பழம்” என்று காத்தாயி பேர் வைத்தாள், அதுவே நிலைத்தது.

யாரும் தொடவில்லை. சாமியிடம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று பண்டாரம் சொன்னதாலும், எச்சில் ஊறியதாலும், ஆராயி ஒரு கொய்யாவை எடுத்து வாயில் போட்டாள். இரண்டு கடி கடித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். “புழு வச்ச அரிசிக் கஞ்சி” என்றாள். “அதுல மண்ணெண்ண வாடை. டின்னுல வாங்கிக் குடிச்சிருக்காரு. பாதிதான் குடிச்சாரு.” சொல்லிவிட்டுக் கோயில் கல்லில் இரண்டு கையையும் மோதி வளையலை உடைத்தாள். எப்படித் தெரியும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. கட்டினவன் கடைசியாகத் தின்றது என்னவென்று பெண்டாட்டிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நின்ற செங்கமலம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “தட்டுல இன்னும் எத்தனை இருக்கு?”

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் தின்றார்கள். செங்கமலத்துக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரைக் கசப்பு, அதன்மேல் ஆற்றுத் தண்ணீர். காத்தாயிக்கு வாழைக்கட்டை, பச்சையாக. பொன்னுருவிக்குப் புல்லும் மண்ணும். ஒருத்திக்கு ரத்தம், அவள் அதை யாருடையது என்று கடைசிவரை சொல்லவில்லை. மாரக்காளுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை, வெறும் காற்று, அவள் புருசன் பட்டினியாகச் செத்ததால் அவள் வாய்க்கு அதன் பிறகு எந்த ருசியும் திரும்ப வரவே இல்லை, உப்பைக் கொடுத்தாலும் சீனியைக் கொடுத்தாலும் சும்மா மென்றுகொண்டிருந்தாள். ஆம்பிளைகள் தின்றால், கன்னிப்பெண்கள் தின்றால், பிள்ளைகள் தின்றால் அது பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சீனியுமாக வெறுமனே இனித்தது.

அதிலிருந்துதான் அந்த நியாயம் பிறந்தது. பண்டாரம் சொன்னானா, பெண்களே சொல்லிக்கொண்டார்களா தெரியாது, மறுநாள் பெரட்டில் நிற்கும்போது எல்லார் வாயிலும் அது இருந்தது: கசந்தால் செத்தான், இனித்தால் உயிரோடு இருக்கிறான். மிச்சமிருந்த பத்துப் பேரில் பவுனம்மா தவிர மற்ற ஒன்பது பேரும் அந்த இனிப்பு தனக்குத்தான் என்று நம்பினார்கள். பங்கீட்டுச் சீனியைப் பிள்ளை வாயிலிருந்து பிடுங்கி வைத்து, பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, வேலை விட்டதும் நேராகச் சன்னாசி வீட்டு வாசலில் போய் வரிசையில் உட்கார்ந்தார்கள். நேற்றுவரை குழாயடியில் குடத்தைத் தள்ளிவிட்டவள்களெல்லாம் ‘பிக்குனு, பிக்குனு கண்ணு’ என்று குழைந்தார்கள். அவள் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். செய்யாவிட்டால் சூனியக்காரி என்று துரையிடம் எழுதிக்கொடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவோம் என்று மண்டோர் சொன்னான். செய்தாள். ஒவ்வொருத்தியாகக் கடித்தாள், ஒவ்வொருத்தியாக எழுந்து போய்ப் பொட்டை அழித்தாள். இனிப்பு ஒருத்திக்கும் வரவில்லை.

மனுஷ ஜென்மம் எதையும் பழக்கமாக்கிக்கொள்ளும், போங்கள். ஒரு மாதத்தில் தோட்டம் இதையும் பழகிக்கொண்டது. அமாவாசைக்குப் படையல் போடும்போது கோழியும் சுருட்டும் வைப்பதை விட்டுவிட்டு அவரவர் நாக்குக்குத் தெரிந்ததை வைத்தார்கள், ஒருத்தி இலையில் பச்சை வாழைக்கட்டை, ஒருத்தி இலையில் புல், மாரக்காள் வெறும் இலையை விரித்து வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அப்புறம் அதிலும் ஒரு பெருமை சிறுமை வந்து சேர்ந்தது. அரிசி தின்று செத்தவன் பெண்டாட்டிக்குக் குழாயடியில் முதல் இடம், கிழங்குக்கு அடுத்த இடம். சண்டை வந்தால், “போடி, ஒம் புருசன் மண்ணத் தின்னவன்தானே!” என்று ஒருத்தி சொல்ல, “ஒம் புருசன் புழுத் தின்னவன்தானே!” என்று மற்றவள் சொல்ல, இரண்டு பேரும் முடியைப் பிடித்துக்கொள்வார்கள்.

பதினெட்டுப் பேர் தின்றாகிவிட்டது. பவுனம்மா மட்டும் தின்னவில்லை.

முதலில் கிண்டல் செய்தார்கள், பிறகு முறைத்தார்கள், பிறகு அவளைக் கண்டாலே எரிந்து விழுந்தார்கள். பதினெட்டுக் கழுத்து வெறுமையாக இருக்கும்போது ஒரு கழுத்தில் மட்டும் மஞ்சள் கயிறு ஆடிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? “எங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு, இவ மட்டும் தெரியாத மாதிரி இருக்கலாமா?” என்றாள் ஆராயி. அதிசயம் என்னவென்றால் அந்த விஷயத்தில் பவுனம்மா பக்கம் நின்றது சயாம்காரி ஒருத்திதான். “அந்த அக்காக்கு வேணாம். அந்த அக்காக்கு நான் செய்ய மாட்டேன்” என்று கண்ணில் தண்ணீர் விட்டாள். நல்ல மனசு என்று பவுனம்மா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலையில்லாத நாள், ஏழெட்டுப் பேராக வந்து அவளைச் சோற்றுத் தட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் கதவு நிலையைப் பிடித்தாள், விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கோயில் முன்னால் கிடத்தி, செங்கமலம் காலில் உட்கார்ந்தாள், காத்தாயி கையை மிதித்தாள், ஆராயி மூக்கைப் பொத்தினாள். மண்டோர் அங்கமுத்து கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைப் புடவையை மடிப்புக் கலையாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “தாயே வேணாம், ஒங்க கால்ல விழறேன், நான் தெரியாமயே இருந்துட்டுப் போறேனே!” என்று கத்துவதற்கு அவள் வாயைத் திறந்தபோது முந்தின நாள் பிக்குன் பிள்ளைகளுக்குச் செய்ததில் மிச்சமாக எடுத்து வைத்திருந்த ஒரு பச்சை நிறப் பொய்மாங்காயை ஆராயி உள்ளே தள்ளி, தாடையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். கூட்டத்துக்குப் பின்னால் பிக்குன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பவுனம்மா மென்றாள். வேறு என்ன செய்வாள்? மென்றாள், முழுங்கினாள், கண்ணைத் திறந்தாள். “இனிக்குது” என்றாள்.

“பொய்” என்றாள் காத்தாயி. “இனிக்குதுடீ! பருப்பு, தேங்காப்பாலு, சீனி, கொஞ்சம் மெழுவத்திப் பொக வாசம். வேற ஒண்ணுமே இல்ல!” என்று அவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார்கள். மாரியாயி தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தாள். மண்டோர் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். அவளைக் கீழே போட்டு மிதித்த அதே பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், அதைவிடக் கொடுமை வேறு வேண்டுமா?

ஒற்றிக்கொண்டது ஒரு வாரம்தான் நின்றது. அடுத்த வாரமே, “இருக்கான்னா ஏன் வரல?” என்று ஒருத்தி கேட்டாள். “அங்க எவ கையாலயோ தின்னுக்கிட்டு இருக்கான், அதான் இனிக்குது” என்று இன்னொருத்தி சொன்னாள். எம் புருசன் மண்ணத் தின்னாலும் எனக்கே எனக்குன்னு செத்தான் என்று பொன்னுருவி பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். பவுனம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். அவன் தட்டைப் புளி போட்டுத் துலக்கினாள். நன்றியாக இருக்கட்டும் என்று வேலை விட்டதும் சயாம்காரி வீட்டுக்குப் போய் அம்மியில் பருப்பு அரைத்துக் கொடுத்தாள், தேங்காய் துருவிக் கொடுத்தாள். பிக்குன் அவள் முகத்தைப் பார்க்காமலே கிளறிக்கொண்டிருப்பாள்.

ஆறு மாதம் போனது. வருகிற வழியாக இல்லை என்று தெரிந்ததும் பவுனம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். காதில் கிடந்ததை விற்றாள், ஒரு துணிமூட்டை கட்டினாள். அவன் வராவிட்டால் என்ன, அவள் போவாள். எவளாவது கூட இருந்தால் இருக்கட்டும், அவள் காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு வருவாள். நாளைக் காலை லாரிக்குக் கிளம்ப வேண்டும் என்கிற நிலையில், அன்று மூன்று மணிக்குப் பிக்குன் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“சயாம் பாஷையில ‘எம் புருசனப் பாத்தியா’ன்னு எப்படிக் கேக்கணும்? சொல்லிக்குடு. அப்புறம் எனக்கு ஒரு பன்னெண்டு மாங்கா பண்ணிக்குடு, அவருக்குக் கொண்டு போறேன்.”

உருட்டி வடித்துச் சாயம் பூசிய மாங்காய்கள் ஈர்க்குச்சியில் குத்தி வாழைத்தண்டில் வரிசையாக நட்டிருந்தன. அகார்-அகார் என்கிற கடல்பாசி காய்ச்சிய சட்டியில் பிக்குன் ஒவ்வொன்றாக முக்கியெடுத்து மறுபடி நட்டாள். சன்னாசி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மரத்தைக் கீறும் பால்கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

“பாரேன், எப்படி மினுங்குது!” என்றாள் பவுனம்மா. “அவரு மட்டும் இதப் பாத்தாருன்னா ஒன்னை விட மாட்டாரு. என்னா போட்ட, எத்தனை தரம் முக்குன, நடுவுல காய விடணுமா வேணாமான்னு கேட்டே ஒன் உசுர எடுத்துருவாரு.”

பிக்குன் கையிலிருந்த ஈர்க்குச்சி சட்டிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வாசலில் கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது.

“கேட்டாரு அக்கா” என்றாள்.

“என்னாது?”

“அண்ணன் கேட்டாரு. எங்க வீட்டு அடுப்படியில. இவரும் அண்ணனும் கேம்ப்பிலேருந்து ஓடி வந்து எங்க வீட்டுல ஒளிஞ்சிருந்தாங்க, பதினோரு நாளு. வீட்டுக்கு அடியில ஒரு பெரிய தண்ணிச்சாடி, அதுல ஒரு ஆளு உக்காரலாம். ஒரு ஆளுதான் அக்கா. அன்னிக்குக் கோயில் விசேஷம், நான் இது செஞ்சேன். இவரு நாலு எடுத்து நாலையும் முழுங்கிட்டாரு. அண்ணன் ஒரே ஒரு மாங்கா எடுத்து, இம்புட்டுக் கடிச்சு, இம்புட்டுக் கடிச்சு, எப்படி செய்யிறது, எப்படி செய்யிறதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பவுனுகிட்டப் போய்ச் சொல்லணும், அவ செய்வான்னாரு. நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நாய் கொலச்சது. சப்பான்காரன் பூட்ஸு சத்தம்.”

பவுனம்மா அவள் கையைப் பிடித்தாள். “யாரு... யாரைச் சாடியில...”

“ரெண்டு பேரும் நின்னாங்க. நான் புடிச்சுத் தள்ளணும். அண்ணன் பதினோரு நாளும் ஒன்னப் பத்தியே பேசுனாரு. இவரு யாரப் பத்தியும் பேசல.” பிக்குன் தலையை நிமிர்த்தினாள். “எனக்கு ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு அக்கா. பெண்டாட்டி இல்லாத ஆளத் தள்ளுனேன். அண்ணன படிக்கட்டுக்குக் கீழ வச்சு வெட்டுனாங்க. வாயில பாதி மாங்கா இருந்துச்சு.”

அவன் கடைசியாகத் தின்றது அதுதான். அதனால்தான் அது அதுவாகவே இனித்தது. இதை விளங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, ஆறு மாதமாக விளங்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். வாயிலிருந்து சத்தம் வருவதற்கு முன்னால் அவளே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் காத்தாயி வீடு. கத்தினால் கேட்கும். கேட்டால் இவள் தாலி போகும், மண்டோர் மடிப்புக் கலையாத புடவையோடு வருவான். கேட்டால் பால்கத்தி பிடித்துப் பழகிய பதினெட்டுப் பெண்கள் இந்த வாசலுக்கு வருவார்கள், புழுக்கஞ்சியும் மண்ணும் தின்று செத்தவர்களின் பெண்டாட்டிகள், சயாமில் ஒரு சாடி இருந்தது, அதில் ஒருத்தனைப் பிக்குனே பொறுக்கி எடுத்து வைத்தாள் என்று தெரிந்துகொண்டு வருவார்கள். சன்னாசி திரும்பிப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் கண் நேராகப் பார்த்தது. கெஞ்சுகிற கண்.

பவுனம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள். முகத்தைத் துடைத்தாள். குங்குமம் கலைந்திருந்ததை விரலால் சரி செய்துகொண்டாள்.

“ஒண்ணு எடுத்துக் குடு” என்றாள்.

பிக்குன் ஒரு மாங்காயை ஈர்க்கிலிருந்து உருவி, வேப்பங்கொழுந்து செருகி, நீட்டினாள். பவுனம்மா அதை வாங்கி ஓரத்தில் அரிசி அளவு கடித்தாள். மெல்லத் தொடங்கினாள். “சொல்லு” என்றாள்.

“என்னா அக்கா?”

“அவருக்குச் சொன்னியே. அந்த மாதிரியே சொல்லு. ஒண்ணு விடாம.”

அன்று ஆரம்பித்தது. மூட்டையை அவிழ்த்துவிட்டாள், சயாமுக்குப் போகவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஒரு நாளு நீ செய்யலைன்னாலும், ஒரு நாளு நீ சொல்லலைன்னாலும், அன்னிக்கு நான் கொழாயடியில வாயத் தொறப்பேன்” என்று பிக்குனிடம் மட்டும் சொன்னாள், சத்தமே போடாமல், சொந்தத் தங்கச்சியிடம் சொல்வது போலத் தோளில் கை வைத்துச் சொன்னாள். ஆடி வந்து ஆடி போனது, துரை மாறினான், மண்டோர் அங்கமுத்து மரம் விழுந்து செத்தான், பவுனம்மாவின் கழுத்துக் கயிறு மட்டும் வருசத்துக்கு ஒரு தரம் புதுசாக மாறிக்கொண்டே இருந்தது. அந்தச் சயாம்காரியும் பவுனும் எவ்வளவு ஒட்டுதல் என்று லயத்தில் மெச்சிக்கொண்டார்கள். சன்னாசி மூன்று மணியானால் காட்டுக்குள் போய்விடுவான், ஒரு நாள் போனவன் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் அவனைப் பால்மரத்தடியிலிருந்து பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அன்றைக்கும் மூன்று மணிக்குப் பிக்குன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் வந்து உட்கார வேண்டியிருந்தது.

பிக்குன் விரல்கள் இப்போது கோணிக்கொண்டுவிட்டன, மாங்காய் மாங்காயாக வருவதில்லை. பரவாயில்லை என்பாள் பவுனம்மா, எதிரில் பலகையைப் போட்டு உட்கார்ந்து அரிசி அளவு கடிப்பாள். பிக்குன் கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்குவாள், இத்தனை வருசத்தில் அவள் தமிழில் ஒரு பிசிறு கிடையாது:

“தோலு போன பாசிப்பருப்ப ஊறவச்சு, ஆவியில அவிக்கணும் அண்ணே. சூடு ஆறுறதுக்குள்ள மையா அரைக்கணும். தேங்காயோட மொதப் பாலும் சீனியும் ஊத்தி அடிகனமான சட்டியில கிண்டணும், கை விடாம கிண்டணும், சட்டியில ஒட்டாம உருண்டு வர்ற வரைக்கும். மெழுவத்தியக் கொளுத்தி உள்ள வச்சு அணைச்சு மூடணும், பொக வாசம் ஏறட்டும். அப்புறம் நகத்தளவு கிள்ளி உருட்டி, மாங்காய மனசுல நெனச்சுக்கிட்டே வடிக்கணும். பாண்டான் எலைச் சாறுல பச்சை, மஞ்சளுல மஞ்சள். ஈர்க்குல குத்தி வாழத்தண்டுல நடணும். காயணும். அகார்-அகாருல ஒரு தரம் முக்கணும், காயணும். ரெண்டாந் தரம் முக்கணும், காயணும். மூணாந் தரம்...”

அங்கே நிறுத்திவிடுவாள். அங்கேதான் நாய் குரைத்தது.

பவுனம்மா மென்றுகொண்டிருப்பாள். அவன் மென்ற மாதிரியே, ஒரு வாய்க்கு நூறு தரம். அவள் முடிக்கும்வரை பிக்குன் எழுந்திருக்கக் கூடாது. வெயில் அடுப்படி ஜன்னலை விட்டுச் சுவருக்கு ஏறும், பால் நிறுத்துப் போட்ட ஆட்கள் பேசிக்கொண்டே வாசலைக் கடந்து போவார்கள், யாராவது எட்டிப் பார்த்து, “என்னா பவுனக்கா, இன்னும் முடியலையா?” என்று சிரிப்பார்கள்.

“மொதல்லேருந்து சொல்லு” என்பாள் பவுனம்மா.

கையில் இன்னும் பாதி மிச்சம் இருக்கும்.